ஏழில் தொடங்கி இரண்டுக்கு இறங்கிய லெந்து: பாலக்கோடு – ராயக்கோட்டைப் பக்கத்துச் சிறு சபையின் கூட்டு ஒழுங்குகள், ஒரு நிகழ்வு ஆய்வு

தனியாக ஜெபிப்பவர், தனியாக உபவாசிப்பவர் எல்லாச் சபையிலும் உண்டு. சபை முழுவதும் சேர்ந்து ஒரே பகுதியை வாசித்து, ஒரே நாளில் உபவாசித்து, ஒரே பானையில் கஞ்சி காய்ச்சிக் குடித்து, ஒருவர் குற்றத்தை ஒருவரிடம் சொல்லி ஜெபிப்பது வேறு வேலை. அதற்கு ஆர்வத்தை விடத் திட்டம் கூடுதலாக வேண்டும். அந்தத் திட்டம் எங்கே உடைகிறது, உடைந்ததை எப்படிச் சரிசெய்வது என்பதே இந்த ஆய்வு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமச் சபைகளில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளை ஒரே சபையின் இரண்டு லெந்து (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவம்) காலங்களாகத் தொகுத்துத் தந்திருக்கிறோம். யாருடைய அடையாளமும் இதில் இல்லை.

சபையின் நிலை

பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் ஒரு கிராமம். சுமார் 40 குடும்பங்கள். ஆயர் பல கிராமங்களைப் பார்க்கிறவர், மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் இங்கே வருவார். மற்ற நாட்களில் ஆயருக்கு உதவியாளரான உபதேசியார்தான். புதன் இரவு வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளி பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு ஆராதனை ஆகிய மூன்றும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன.

பிழைப்பு நான்கு வகை: தக்காளித் தோட்டம், கறவை மாடு, பட்டுப்புழு வளர்ப்பு, ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டு வேலை. சில வீடுகளில் ஆண்கள் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார்கள். பெரியவர்களில் சிலருக்கு எழுத்து தெரியாது. இரண்டு மூன்று வீடுகளில் பேச்சு தெலுங்கு, ஜெபம் தமிழ். கணவர் கிறிஸ்தவர் அல்லாத வீட்டிலிருந்து வரும் பெண்களும் உண்டு. இந்தக் கடைசி விவரத்தைத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அதன் விளைவு பின்னால் வருகிறது.

முதல் லெந்து

லெந்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று ஏழு ஒழுங்குகள் ஒரே மூச்சில் அறிவிக்கப்பட்டன: ஆலயத்தில் அதிகாலை 5 மணி ஜெபம், தினமும் மூன்று அதிகாரம் வேத வாசிப்பு, வெள்ளி மாலை 6 மணி வரை உபவாசம், புதன்கிழமை அமைதித் தியானம், கைப்பிடி அரிசி, பாவ அறிக்கைக் குழு, ஞாயிறு முழு ஓய்வு. ஒவ்வொன்றுக்கும் வேத ஆதாரம் உண்டு, தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. இரண்டாம் வாரத்திலேயே பெரும்பாலானவை சரிந்தன.

அதிகாலை ஜெபம் முதலில் விழுந்தது. பால் சொசைட்டியில் 6 மணிக்கு அளவை. 5 மணிக்குக் கறவையில் உட்கார்ந்தால்தான் கேனோடு போய்ச் சேர முடியும். தக்காளி பறிப்பு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும், ராயக்கோட்டை மண்டிக்கு வண்டி காலையிலேயே போயாக வேண்டும். ஓசூர் முதல் ஷிப்டுக்காரரை ஏற்றும் கம்பெனி பஸ் அந்த நேரத்தில்தான் ஊரைத் தாண்டும். ஆகவே 5 மணிக்கு வந்தவர்கள் மாடில்லாதவர்களும் ஓய்வு பெற்றவர்களுமே. வராதவர்கள் மேல் “ஆவியில் அனல் இல்லை” என்ற பேச்சு கிளம்பியது. வருகைப் பதிவேட்டை ஞாயிறன்று வாசித்தது அந்தப் பேச்சை உறுதிப்படுத்தியது. உழைப்பு மிகுந்த வீடுகள் பக்தி குறைந்த வீடுகளாகக் காட்டப்பட்டதுதான் முதல் லெந்தின் மிகப் பெரிய கேடு என்று கருதுகிறோம். திட்டம் தோற்பது ஒரு பக்கம். தோற்ற திட்டம் ஆட்களைத் தரம் பிரித்துவிட்டுப் போனால் அடுத்த வருடம் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள்.

மூன்று அதிகாரம் என்ற அளவு கணக்கிலேயே தவறு. நான்கு நாள் விட்டவருக்குப் பன்னிரண்டு அதிகாரம் பாக்கி. பாக்கி ஏறினால் மனிதர் கடனைப் போலவே அதையும் பார்க்காமல் இருக்கத் தொடங்குவார்.

மூன்றாம் வெள்ளியன்று நடந்தது இன்னும் கவலைக்குரியது. மாலை 4 மணி அளவில், சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியம்மா ஆலயத் திண்ணையிலேயே வியர்த்துச் சரிந்தார். உபதேசியார் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டு கேட்டார்: “அம்மா, காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“இல்லீங்கய்யா, உபவாசமாச்சே.”

“மாத்திரை?”

“மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. அதைப் போட்டுக்கிட்டேன்.”

இரண்டு கட்டளைக்கும் கீழ்ப்படிந்ததுதான் அவர் செய்தது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். அளவு 70 மி.கி.க்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, குழப்பம், பிறகு மயக்கம். நினைவோடு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுத்து, பிறகு ஆகாரம் தர வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். அன்று சர்க்கரைத் தண்ணீரிலேயே தெளிந்தார்.

இரண்டாம் லெந்துக்கு முன் செய்த வேலை

லெந்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சபைக் குழுவும் பெண்கள் ஐக்கிய சங்கமும் உட்கார்ந்து ஒரே ஒரு காரியத்தைச் செய்தன. சார்ட் தாளில் 24 மணி நேரத்துக்குக் கட்டம் போட்டு, நான்கு வகைப் பிழைப்புக்கும் நான்கு வரிசை எழுதி, எந்த நேரத்தில் கை ஓய்கிறது என்று குறித்தார்கள். நான்கு வரிசைக்கும் பொதுவாக ஒரு மணி நேரம்கூட அகப்படவில்லை. மாட்டு வீட்டுக்குப் பகல் 11 மணி, ஷிப்டு வீட்டுக்கு அந்தந்த வாரத்தைப் பொறுத்து மாறும், தக்காளி வீட்டுக்கு இரவு 8 மணிக்கு மேல். பட்டுப்புழு வீட்டுக்கு ஐந்தாம் பருவத்தில், அதாவது கூடு கட்டுவதற்கு முந்தின கடைசி வளர்ச்சிக் கட்டத்தில், நேரம் என்பதே கிடையாது. புழு தன் ஆயுளில் தின்னும் தழையில் எண்பது சதவீதத்துக்கு மேல் அந்த ஏழெட்டு நாளில்தான் தின்கிறது. வெட்டுவதும் போடுவதுமாக வீடே அதற்குள் அடங்கிவிடும்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகு முடிவு எளிதாயிற்று. ஒரே நேரம் வேண்டாம், ஒரே பகுதி போதும். நடு இரவு முடிவதற்குள் எப்போது வாசித்தாலும் அது சபையோடு வாசித்ததுதான். மிகக் கனமான நாளைச் சுமக்கிற வீட்டுக்கு எது முடியுமோ அதுவே சபையின் அளவு. அளவைக் குறைத்த பிறகு அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் எல்லாம் நீர்த்துப்போகும், இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் முதல் லெந்து திரும்ப வரும்.

சாம்பல் புதனன்று தொடங்கியவை வாசிப்பும் கைப்பிடி அரிசியும் மட்டுமே. இரண்டும் வீட்டிலேயே நடப்பவை, புதிதாக ஒரு கூட்டம்கூட இல்லை. இரண்டாம் வாரம் அமைதி, அதுவும் ஏற்கெனவே இருந்த புதன் கூட்டத்துக்குள். மூன்றாம் வாரம் உபவாசம். நான்காம் வாரம் மூவர் குழு. ஞாயிறு ஓய்வு ஈஸ்டருக்குப் பிறகு.

வாசிப்பு

மாற்கு சுவிசேஷம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 16 அதிகாரம், 678 வசனம். கடைசி அதிகாரத்தின் 20 வசனத்தை ஈஸ்டருக்கு வைத்துக்கொண்டால் 658. ஞாயிறுகளை நீக்கிய 40 நாளுக்கு அதைப் பங்கிட்டால் நாளுக்கு 16 அல்லது 17 வசனம். நிதானமாக உரக்க வாசிக்க மூன்று நிமிடம்.

ஆனால் எண்ணி வெட்டக் கூடாது, சம்பவம் முடிகிற இடத்தில் வெட்ட வேண்டும். சாம்பல் புதனுக்கு 1:1–13. இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் இருந்ததோடு அந்தப் பகுதி முடிகிறது. யவீருவின் மகளும் பெரும்பாடுள்ள ஸ்திரீயும் வரும் 5:21–43 நீளமானதுதான், 23 வசனம். அதை இரண்டாக வெட்டினால் ஒரு கதைக்குள் இன்னொரு கதை வந்து யவீரு தவித்துக் காத்து நிற்கும் அந்த நேரமே காணாமல் போய்விடும். அதை முழுதாக விட்டு, அடுத்த நாளைச் சுருக்கினார்கள். இப்படிப் பங்கிட்டதில் மூன்றாம் வார வெள்ளிக்கு, அதாவது 21-ஆம் நாளுக்கு, 9:14–29 வந்தது. ஜெபத்தைப் பற்றியும் உபவாசத்தைப் பற்றியும் இயேசு சீஷர்களுக்குச் சொல்வதோடு முடியும் பகுதி. சபையின் முதல் உபவாச நாளும் அதுவே. 22 முதல் 34 வரையிலான நாட்களில் பகுதி சராசரி பன்னிரண்டு வசனத்துக்கும் குறைவு, பள்ளிக்கூடப் பரீட்சை நெருங்கும் வாரங்களுக்கு அது ஏற்றது.

ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. 14-ஆம் அதிகாரம் மட்டும் 72 வசனம். பெரிய வியாழன் இரவு ஆராதனையில் இராப்போஜனமும் கெத்செமனேயும் வரவேண்டும் என்பதால் 14:12–52-ஐ வியாழனுக்கே விட்டு, புதனுக்கு 14:1–11 மட்டும் வைத்தார்கள். பெரிய வெள்ளியன்று நடக்கும் மூன்று மணி நேர மும்மணி ஆராதனையில் தியானிக்கும், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் மாற்கில் இருப்பது ஒன்றுதான் (15:34), மற்றவை வேறு சுவிசேஷங்களிலிருந்து வருகின்றன. ஆகவே மும்மணி ஆராதனையை நம்பி இருந்தால் மாற்கு சொல்லும் இயேசுவின் பாடுகள் துண்டாகிப் போகும். 14:53 முதல் 15:41 வரை வெள்ளி காலையில் வீட்டிலேயே வாசிக்கப்பட்டது. சனிக்கு அடக்கம் பற்றிய ஆறு வசனம் மட்டும்.

எழுத்து தெரியாதவர்களுக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு. முந்தின இரவு 9 மணிக்குள் அனுப்பிவிட்டால் அதிகாலைக் கறவையின்போதே போனைச் சுவரில் சாய்த்து வைத்துக் கேட்கலாம். குழுவில் அட்மின் மட்டுமே பதிவிட முடியும் என்ற அமைப்பு முதல் நாளே போடப்பட்டது. இல்லையென்றால் நாற்பது “ஆமென்”களுக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் அடியில் பகுதி புதைந்துவிடும். பதிவில் பிரசங்கம் சேர்க்கக் கூடாது, பாட்டு சேர்க்கக் கூடாது, வசனம் மட்டும். வாசிப்பவர் வாரத்துக்கு ஒருவர், அதில் பெண்களும் வாலிபரும் உண்டு. பட்டன் போன் மட்டும் உள்ள வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை போய் வாசித்துவிட்டு வரும். தெலுங்கு வீடுகள் தங்கள் வேதாகமத்திலேயே அதே பகுதியை வாசித்தன.

விட்டுப்போன நாளைத் திரும்பப் பிடிக்க வேண்டாம், இன்றைய பகுதிக்கு வந்துவிடுங்கள் என்பது விதி. பாக்கி ஏற வழியே இல்லை. ஞாயிறு ஆராதனையில் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரத்தில் வாசித்த ஏதாவது ஒரு சம்பவத்தை யாராவது ஒருவர் தன் பேச்சில் சொல்வார். வாசிப்பு நடந்ததா என்பதற்கு அதுவே அத்தாட்சி. பதிவேட்டை எடுத்துப் பூட்டிவிட்டார்கள்.

கைப்பிடி அரிசி

உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிச் சட்டியில் போடுவது தமிழ்நாட்டுச் சபைகளில் நெடுங்கால வழக்கம். ஒரு பிடி சுமார் 40 கிராம். இரண்டு வேளை, 40 நாள் என்றால் ஒரு வீட்டுக்கு 3.2 கிலோ. 30 வீடுகள் என்றால் ஏறக்குறைய 96 கிலோ. இரவில் களி கிண்டுகிற வீடுகளே இங்கே மிகுதி, அங்கே ஒரு வேளைதான் அரிசி உலை. அதனால் சேர்ந்தது அந்தக் கணக்கில் பாதியை ஒட்டித்தான். அந்த வீடுகளிலிருந்து கேழ்வரகு மாவும் வாங்கிக்கொள்ளலாம் என்று நடுவில் மாற்றினார்கள். முதலிலேயே மாற்றியிருக்கலாம்.

நடைமுறையில் கெடுவது இரண்டு இடத்தில். ரேஷன் அரிசியையும் கடை அரிசியையும் ஒரே மூட்டையில் கொட்டினால் இரண்டும் ஒரே பக்குவத்தில் வேகாது. ஒன்று குழையும்போது ஒன்று விறைப்பாக நிற்கும். வாங்குகிறவருக்கு அது அவமரியாதை. வாசலில் இரண்டு சாக்கு, இரண்டிலும் துணியில் எழுதித் தைத்த அடையாளம். அடுத்தது வண்டு. வீட்டுச் சட்டியிலேயே நாற்பது நாள் கிடந்தால் பங்குனி வெயிலில் வண்டு வைத்துவிடும். ஞாயிறுதோறும் கொண்டுவந்து கொட்ட வேண்டும், சாக்கில் காய்ந்த வேப்பிலை போட வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாயில் பரப்பிப் புடைக்க வேண்டும். வாலிபர் ஐக்கியம் இதை ஏற்றுக்கொண்டது.

கொடுத்த விதத்தில் நல்ல கட்டுப்பாடு இருந்தது. சபையின் பெயர் எழுதாத பை, இருட்டிய பிறகு, இரண்டு பேர் மட்டும். சபைக்கு வராத வீடுகளும் பட்டியலில் உண்டு. பட்டியல் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். “உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது” என்பது வசனம். நன்கொடை கொடுப்பதைப் படமெடுத்துப் போடுகிற காலத்தில், இதைச் சட்டமாகவே வைத்திருப்பது நல்லது.

கணவர் கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பெண்களிடம் சட்டி கொடுக்கவே கூடாது. முதல் வருடம் ஒரு வீட்டில் “எங்க வீட்டு அரிசி கோயிலுக்குப் போகுதா” என்று மாமியார் கேட்டுச் சண்டையாகி, அந்தப் பெண் ஒரு மாதம் ஆராதனைக்கே வர முடியாமல் போயிற்று. இரண்டாம் வருடம் அப்படிப்பட்ட பெண்கள் சாக்குப் புடைக்கும் வேலையிலும் கஞ்சி காய்ச்சும் வேலையிலும் சேர்ந்தார்கள். கொடுப்பதில் அதுவும் பங்குதான்.

அமைதி

புதன் வீட்டுக் கூட்டத்தில் பாட்டு முடிந்ததும் இரண்டு நிமிடம். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டி ஆறு நிமிடம் வரை. “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்பதை ஒருவர் ஒருமுறை சொல்லித் தொடங்குவார், கர்த்தருடைய ஜெபத்தோடு முடியும்.

சத்தமாகத் துதித்துப் பழகிய கூட்டத்துக்கு இது எல்லாவற்றிலும் கடினம். ஒரு நிமிடம் கழிந்ததும் யாராவது “ஸ்தோத்திரம்” என்று தொடங்குவார், கீபோர்டு வாசிப்பவர் மெல்ல ஒரு ஸ்வரத்தைப் பிடிப்பார், நடத்துகிறவரே பயந்து பாட்டெடுப்பார். நேரம் பார்க்கிறவர் ஒருவர், நடத்துகிறவர் வேறொருவர் என்று பிரித்ததும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. வெளியில் வண்டிச் சத்தம், நாய், பக்கத்து டிவி எதையும் அடக்கப் போகவில்லை. தகரக் கூரை வீட்டில் இரவு 7 மணிக்கு முன் உட்கார வைத்தால் வெக்கையில் அமைதி வராது. கைக்குழந்தைக்காரர்கள் திண்ணையில் இருந்துகொள்ளலாம். இதற்கு மேல் இதில் சொல்ல அதிகமில்லை. செய்யச் செய்யத்தான் வரும்.

உபவாசம்

முதல் நூற்றாண்டுகளின் சபை ஒழுங்கு நூலான டிடாக்கே புதன், வெள்ளி இரண்டு நாளும் உபவாசிக்கச் சொல்கிறது. பழைய வழக்கம்தான் என்றாலும் இந்தச் சபை மூன்று வெள்ளிகளையும் பெரிய வெள்ளியையும் மட்டும் எடுத்துக்கொண்டது. நேரம் முந்தின இரவுச் சாப்பாட்டிலிருந்து மறுநாள் பிற்பகல் 3 மணி வரை. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். தினமும் மூன்று நாலு காபி குடிப்பவர்களுக்கு உபவாசத்தன்று வரும் தலைவலி பெரும்பாலும் காபி நின்றதால் வருவது. புதனிலிருந்தே ஒவ்வொன்றாகக் குறைத்து வந்தால் அது வராது.

முந்தின ஞாயிறன்று எல்லோருக்கும் ஒரே சிறு சீட்டு கொடுக்கப்பட்டது. மூன்று தேர்வு: முழு உபவாசம், ஒரு வேளை மட்டும் விடுதல், ஆகாரம் எடுத்துக்கொண்டு வேறொன்றை விடுதல் (போன், டிவி, டீ, வெற்றிலை). சீட்டைத் திரும்ப வாங்கவில்லை, யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், வயிற்றுப்புண் உள்ளவர், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், வெயிலில் கூலி வேலை செய்பவர் ஆகியோர் மூன்றாவதையே எடுக்க வேண்டும் என்று ஆயரே மேடையிலிருந்து சொன்னார். இதை ஆயர் சொல்வது முக்கியம். மருத்துவர் சொன்னால் அது விதிவிலக்காகத்தான் கேட்கும். ஆயர் சொன்னால் அதுவே அவர்களுடைய உபவாசம். 2021 ஆகஸ்ட் 5-இல் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் இப்போது வீட்டுக்கே வருகின்றன. யார் என்ன மாத்திரை எடுக்கிறார் என்பது அவரவருக்குத் தெரியும். கொண்டுவரும் சகோதரியிடமே பெயரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

3 மணிக்கு எல்லோருக்கும் ஒரே கஞ்சி. உபவாசிக்காதவரும் அதே வரிசையில் உட்காருவார். 50 பேருக்கு 3 கிலோ நொய்யரிசி, முக்கால் கிலோ பாசிப்பருப்பு, கால் கிலோ பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி வெந்தயம், மூன்று தேங்காய், 30 லிட்டர் தண்ணீர். 40 லிட்டர் அண்டா வேண்டும், சின்னதில் பொங்கி வழியும். உப்பு 200 கிராமில் தொடங்கிக் கடைசியில் பார்த்துக் கூட்டலாம். விறகடுப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அடிக்கடி கிளறாவிட்டால் பருப்பு அடிபிடிக்கும். காலி வயிற்றுக்கு மிளகாயும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். முதல் வருடம் யாரோ அன்பாகக் கொண்டுவந்த போண்டாவால் பலருக்கு நெஞ்செரிச்சல்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இரண்டு மாவட்டத்திலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பது ஊரறிந்தது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆகவே கஞ்சிக்கும் குடிக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை முந்தின நாளே டிரம்மில் பிடித்து வைத்தார்கள். ஆலய போர் தண்ணீர் பாத்திரம் கழுவ மட்டும்.

விட்ட சாப்பாட்டின் விலையைக் காணிக்கையாகப் போடுவது நல்ல வழக்கம். ஏசாயா 58 சொல்லும் உபவாசத்தில் பசியுள்ளவனுக்கு ஆகாரம் பகிர்வதும் அடங்கும். பெயர் எழுதாத கவர், தொகையை அறிவிக்காத பெட்டி. பெயர் சொல்லி வாசித்த வருடம் ஏழை வீடுகள் உபவாசத்துக்கே வரவில்லை.

மூவர் குழு

“நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்” என்ற யாக்கோபு 5:16-ஐ எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கிற ஊரில் அதைச் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி. முதல் வருடம் பத்துப் பேர் கொண்ட குழு. ஒருவர் சொன்னது மூன்றாம் நாள் கடைத்தெருவில் கேட்டது. குழு கலைந்தது, அதைவிட அந்த மனிதர் கலைந்தார்.

இரண்டாம் வருடம் மூன்று பேர். மூவரும் ஆண்கள், அல்லது மூவரும் பெண்கள். மைத்துனர், சம்பந்தி, நாத்தனார் உறவு கூடாது. இருவருக்குள் கடன், வட்டி, சீட்டு கூடாது. ஒருவர் தோட்டத்தில் ஒருவர் கூலிக்குப் போகிறவராக இருக்கக் கூடாது. இந்த நான்கு நிபந்தனையையும் வைத்துப் பிரித்தபோது சிலருக்கு ஊருக்குள் ஆள் கிடைக்கவில்லை, பக்கத்துக் கிராமச் சபையிலிருந்து சேர்த்தார்கள். அந்தச் சிரமத்துக்குப் பலன் இருந்தது. வாரத்தில் ஒருமுறை, முக்கால் மணி நேரம், நடந்துகொண்டே பேசினாலும் சரி. கேள்வி மூன்று: இந்த வாரம் வாசித்ததில் எது குத்தியது, எங்கே தவறினேன், யாரிடம் போய்ச் சரிசெய்ய வேண்டும். கேட்பவர் புத்தி சொல்லக் கூடாது, கேட்டதும் ஜெபிக்க வேண்டும்.

இரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை முதல் நாளே உரக்கச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்குத் தீங்கு, வீட்டில் அடி உதை, தற்கொலை எண்ணம், இந்த மூன்றும் குழுவுக்குள் நிற்காது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தவர் எவரும் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனம் உடைந்தவருக்கு 104 என்ற எண்கள் ஆலயக் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டன.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் புறங்கூறல் நுழைவதையும் இங்கேதான் தடுத்தார்கள். “அந்தப் பையன் வழி தவறிப் போயிட்டான், ஜெபிச்சுக்குங்க” என்று பொதுக்கூட்டத்தில் சொன்னால் அந்தப் பையன் மறுநாள் ஊரில் தலைகாட்ட முடியாது. தன் பெயரில் மட்டுமே குறிப்புக் கொடுக்கலாம், அடுத்தவருக்காக என்றால் அவர் சம்மதம் வேண்டும். புதன் கூட்டத்தில் இதை நடைமுறைப்படுத்த உபதேசியார் பலமுறை இடைமறிக்க வேண்டியிருந்தது. மரியாதையாக, “அக்கா, அவங்ககிட்ட கேட்டுட்டு அடுத்த வாரம் சொல்லுங்க” என்பார். அவ்வளவுதான்.

1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜான் வெஸ்லி என்ற போதகரின் மெத்தடிஸ்டு இயக்கத்தார் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்தது ஜெபக்கூட்ட வீட்டுக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிக்கத்தான். வசூலுக்கு வீடு வீடாகப் போன தலைவர்கள் அந்தந்த வீட்டின் நிலையைப் பார்த்து வந்து சொன்னபோதே அது ஆத்தும விசாரணையாக மாறியது. இந்தச் சபையிலும் ஏறக்குறைய அதுதான் நடந்தது. ஞாயிறுதோறும் அரிசிச் சட்டியை வாங்கப் போன வாலிபர்கள்தான், எந்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்று முதலில் அறிந்தார்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு

ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே வரை 50 நாள் உபவாசம் வேண்டாம் என்று ஆயர் அறிவித்தபோது சிலருக்கு வருத்தம். அந்த நாட்களில் முழங்கால்கூடப் போடாமல் நின்றே ஜெபிக்க வேண்டும் என்று 325-இல் கூடிய ஆதிச் சபைத் தலைவர்களின் நிசேயா சங்கம் தன் 20-ஆம் விதியில் எழுதியிருக்கிறது. சந்தோஷமும் ஓர் ஒழுங்குதான். அதற்கும் பயிற்சி தேவை.

ஞாயிறு ஓய்வு இந்த நாட்களில் தொடங்கியது. மாடும் புழுவும் ஞாயிறு அறியாதவை. ஆகவே இரண்டிரண்டு வீடாகச் சேர்ந்து, ஒரு ஞாயிறு மாலைக் கறவையை ஒரு வீடு பார்த்துக்கொள்ள மற்ற வீடு ஓய்ந்திருக்கும். ஐந்தாம் பருவப் புழு உள்ள வீட்டுக்கு இரண்டு பேர் தழை வெட்டப் போவார்கள். சபைக் குழுக் கூட்டம் ஞாயிறிலிருந்து வியாழன் இரவுக்கு மாற்றப்பட்டது. இவை சரியாக நடந்தன. பெண்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஞாயிறு என்றால் கறி, விருந்தாளி, இரட்டைச் சமையல். சனியே குழம்பு வைத்துவிடுவது, ஆண்கள் சோறு வடிப்பது என்று பேசியதை ஏழெட்டு வீடுகள்தான் செய்தன. இந்தப் பகுதி இன்னும் தீரவில்லை.

நிலைத்தவை: தினசரிப் பகுதி, மாதம் ஒரு வெள்ளி உபவாசமும் கஞ்சியும், மூவர் குழுக்களில் பாதிக்கு மேல். புதிய ஏற்பாடு 260 அதிகாரம் என்பதால் வாரம் ஐந்து அதிகாரம் வீதம் 52 வாரத்தில் முடியும், சனியும் ஞாயிறும் பிடித்துக்கொள்ளும் நாட்கள். அமைதி ஆறு நிமிடத்திலேயே நிற்கிறது, அதைக் கூட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இதே ஏற்பாட்டைத் தொடங்க நினைக்கும் சபைகள் நாட்காட்டியை முன்னதாகப் பார்த்துக்கொள்ளட்டும். 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. அப்படியானால் 24 மணி நேரத் தாளை டிசம்பரிலேயே எழுத வேண்டும், கிறிஸ்துமஸ் பஜனைக்கு வீடு வீடாகப் போகும்போதே எந்த வீட்டில் என்ன வேலை நேரம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். முதல் உபவாச வெள்ளி மார்ச் 5-இல் வரும். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குச் சீட்டில் மூன்றாவது தேர்வு மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.